மூணு சொடுக்கு

திங்கட்கிழமை காலையில் ஷெட்டுக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே ஒரு நாற்றம், அதை நீ மறந்திருக்க மாட்டாய். ஞாயிறு முழுக்க மெஷின்கள் சும்மா கிடக்கும். தொட்டியில் தேங்கிய கூலண்ட் மேல் எண்ணெய்ப் படலம் மூடிக்கொண்டு, காற்றுப் புகாமல் உள்ளே கிருமி பெருகி, முட்டை அழுகின வாடை எழும்பும். பத்து மணிக்குள் எல்லாம் சரியாகிவிடும். லேத்துகள் சுற்ற ஆரம்பித்து, கூலண்ட் ஓடிக் காற்றோடு கலந்ததும் அந்த வாடை போய், எண்ணெயும் சூடான இரும்புச் சுருளும் சேர்ந்த வாசனை வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த இரண்டாவது வாசனை எனக்கு இன்றைக்கும் எங்கேயாவது வந்தால் கால் தானாக நின்றுவிடுகிறது. போன மாதம் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன லேத்துப் பட்டறையைக் கடந்தபோதும் நின்றேன். பையன் ஒருவன் மோட்டார் ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தான். கையில் டிஜிட்டல் வெர்னியர். அளந்தான், எண்ணைப் பார்த்தான், அடுத்த வேலைக்குப் போய்விட்டான்.

காலை மின்சார ரயிலில் நாம் போன வழியைச் சொல்லிப் பார்க்கிறேன். செங்கல்பட்டில் வண்டி கிளம்பும்போது கொளவாய் ஏரி மேல் பனி நிற்கும். பரனூர். சிங்கப்பெருமாள் கோயிலில் பூக்காரம்மா ஒருத்தி கூடையோடு ஏறுவாள், பெட்டி முழுக்க மல்லி மணக்கும். அப்புறம் மறைமலைநகர். அங்கே கதவுப்பக்கம் நிற்கும் பாதிப் பேர் சீருடைக்காரர்கள். சட்டைப் பையில் ஆறு அங்குல ஸ்டீல் ரூல் எட்டிப் பார்த்தால் அவன் ஃபிட்டர் என்று தெரியும், ரூலோடு ஒரு சின்னத் துணியும் மடித்து வைத்திருந்தால் அவன் நம் வாத்தியாரிடம் படித்தவன் என்று தெரியும். அந்தத் துணி இல்லாமல் இன்ஸ்பெக்‌ஷன் அறைக்குள் யாரையும் அவர் விட்டதில்லை.

வாத்தியார் படாளம் பக்கத்துக்காரர். கட்டையான ஆள், விரல்கள் மட்டும் நீளம். புதிதாக வந்த பையன்களைக் கூப்பிட்டு முதல் நாள் அவர் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுக்கமாட்டார். "போயி கைய கழுவினு வா" என்பார். கழுவிக்கொண்டு வந்தால் கையை முகர்ந்து பார்ப்பார். "இன்னொரு தபா கழுவு." மூன்றாவது முறைதான் ஸ்டூலைக் காட்டிக் "குந்து" என்பார். ஜாப்பை, அதாவது அளக்கவேண்டிய துண்டை, பனியன் வேஸ்ட்டால் துடைக்கக்கூடாது, நூல்பிசிறு ஒட்டும். வெள்ளைப் பெட்ரோலில் கழுவி, மான் தோலால் துடைக்கவேண்டும். ஓரத்தில் விரலை ஓட்டிப் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், இருந்தால் எண்ணெய்க்கல்லால் இரண்டு இழுப்பு. பிறகு மைக்ரோமீட்டரின் இரண்டு முகங்களுக்கும் நடுவில் சுத்தமான காகிதம் ஒன்றை வைத்து மெல்ல மூடி இழுக்கவேண்டும், அழுக்கு காகிதத்தோடு வந்துவிடும். அதற்கும் பிறகு பூஜ்ஜியம். பூஜ்ஜியம் பார்க்காமல் ஒருத்தன் அளந்துவிட்டால் அவர் திட்டமாட்டார். அளந்த தாளை வாங்கி, படித்தும் பார்க்காமல், நாலாக மடித்துத் தன் பையில் போட்டுக்கொள்வார். அந்த அளவு பிறக்கவே இல்லை என்று அர்த்தம்.

இதெல்லாம் முடியவே அரை நாள் ஆகும். ஊரிலிருந்து வந்த பையனுக்கு இது என்னடா வேலை என்றிருக்கும். அவன் வீட்டில் அப்பாவோ சித்தப்பாவோ தச்சராக இருப்பார், கொத்தனாராக இருப்பார். அவர்கள் வாயில் வருவது அடி, அங்குலம், நூல். "ஒரு நூல் கொறையுது, சீவிடு" என்று கேட்டு வளர்ந்த காது. ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வாத்தியார் கரும்பலகையில் எழுதுவார்: ஒரு நூலுக்குள் 3000 மைக்ரானுக்கு மேல் இருக்கிறது. "உங்க அப்பன் உட்ட ஒரு நூலுல நாம மூவாயிரம் தபா சண்ட போட்டுக்கலாம்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் அப்பனைக் குறைத்துச் சொல்ல விடமாட்டார். கதவுக்கு ஒரு நூல் போதும், மழைக்காலத்தில் மரம் ஊதும்போது அந்த இடைவெளிதான் கதவைக் காப்பாற்றும் என்று அடுத்த மூச்சிலேயே சொல்லிவிடுவார்.

தலைமுடிப் பாடம் நினைவிருக்கிறதா? ஆளுக்கு ஒரு முடி பிடுங்கச் சொல்வார். 0 முதல் 25 மில்லிமீட்டர் வரைக்குமான மைக்ரோமீட்டரில் வைத்து அளக்கவேண்டும். ஒருத்தனுக்கு 80 மைக்ரான் வரும், இன்னொருத்தனுக்கு 60. அந்த 60 வந்தவனையே இன்னொரு முறை, இந்தத் தடவை திம்பிளைப் பிடித்து இறுக்காமல் பின்னாலிருக்கும் ராட்செட்டை மட்டும் திருகி அளக்கச் சொல்வார். மூணு சொடுக்கு கேட்டதும் நிறுத்து. இப்போது 72 வரும். முடி அதேதான், கைதான் வேறு. திருகாணியை வைத்து உன் விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பது உனக்கே தெரியாது, அதனால்தான் அந்த ராட்செட்டை வைத்திருக்கிறான் என்று அவர் சொன்னபோது, அழுத்தம் என்கிற சங்கதி என் மண்டையில் முதன்முதலாக ஏறியது. புத்தகத்தில் அது ஒரு வரி. அவரிடம் அது நம் ஒவ்வொருவரின் தலையிலிருந்து பிடுங்கின முடி.

பின்னால்தான் படித்தேன், திருகாணியை வைத்து அளக்கும் இந்தக் கைக்கருவிக்கு 1848இல் பாரிஸில் பால்மர் என்பவர் காப்புரிமை வாங்கினார் என்று. வெர்னியர் அதற்கும் இருநூறு வருஷம் முந்தியது, பியர் வெர்னியர் 1631இல் எழுதி வைத்தது. 49 மில்லிமீட்டர் நீளத்தை 50 பாகமாகப் பிரித்துப் பக்கத்தில் ஓடவிட்டால், இரண்டு கோடுகள் எங்கே ஒன்றாகின்றன என்று பார்த்து 0.02 மில்லிமீட்டர் வரை சொல்லிவிடலாம். அந்தக் கோடு ஒன்றாகும் இடத்தைத் தேட ஜன்னல்பக்கம் திரும்பி, கண்ணை நேராக வைத்து, மூச்சைப் பிடிப்போமே, அந்த ஒரு கணம் ஷெட்டு சத்தமே கேட்காது. டிஜிட்டலில் அந்த மூச்சு தேவைப்படுவதில்லை. அதுவும் நல்ல கருவிதான், கண் மங்கினவனுக்கு வரம், என் மேஜையிலும் ஒன்று கிடக்கிறது. தாடை சாய்ந்திருந்தால் அதுவும் சாய்ந்த அளவைத்தான் காட்டும், அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான் நான் சொல்வது.

சாயங்காலம் ஷிஃப்ட் விட்டால் சில நாட்களில் நான் நேரே வீட்டுக்குப் போகமாட்டேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ். பெரியப்பா அங்கே ஒரு கல் பட்டறையில் வேலை செய்தார். நீயும் ஒன்றிரண்டு முறை என்னோடு வந்திருக்கிறாய், திருக்கழுக்குன்றம் நிறுத்தத்தில் மசால்வடை வாங்கித் தின்றுகொண்டே மலையைப் பார்த்து நிற்போம். மத்தியானம் அந்த மலைமேல் கழுகு இரண்டு வந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டுப் போகும் என்பதை நாம் ஊருக்குப் பொதுவான கடிகாரமாக வைத்திருந்தோம். தொண்ணூறுகளின் கடைசியில் அவை வராமலே போயின. இப்போதும் அந்தப் பாறையில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மாமல்லபுரத்துக்குள் பஸ் நுழையும்போதே உளிச் சத்தம் வந்துவிடும். ஐந்து ரதங்களுக்குப் போகும் சாலையில் இரண்டு பக்கமும் கீற்றுக் கொட்டகைகள். ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர், ஒவ்வொருவர் சுத்திக்கும் ஒரு தாளம், அத்தனையும் சேர்ந்து கடல் காற்றில் வரும். கல்தூசி வாசனையும், உளி தீட்டும் உலைக்களத்துக் கரிப்புகையும், பின்னால் எங்கோ காயும் கருவாடும். பெரியப்பா கல்லைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். மணிபோல் ஓசை வந்தால் ஆண் கல், மூலவருக்கு ஆகும். தாளம்போல் வந்தால் பெண் கல், அம்மனுக்கு. ஓசையே எழாமல் மொத்தென்று விழுந்தால் அலிக்கல், அது தளத்துக்கும் படிக்கும்தான். அந்த மூன்று ஓசையையும் எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். ஆணையும் பெண்ணையும் என் காது பிரித்துக்கொள்ளவே வெகு காலம் பிடித்தது.

அவர் அளப்பதைப் பார்க்கத்தான் நான் போனேன். பச்சைத் தென்னோலையிலிருந்து ஒரு கீற்றை ஈர்க்கு நீக்கிக் கிழித்தெடுப்பார். செய்யவேண்டிய உருவத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவுக்கு அதை நறுக்கிக்கொள்வார். அதை மடித்து, மடித்து, பாகங்களாகப் பிரித்து, நகத்தால் கீறி வைப்பார். அன்றைக்கு அந்தச் சிலைக்கு அதுதான் அளவுகோல். சுவாமியென்றால் உத்தம தசதாளம், 124 அங்குலம். அம்மனென்றால் மத்திம தசதாளம், 120. இந்த அங்குலம் கடையில் விற்கும் அங்குலம் இல்லை. உருவம் ஒரு சாண் ஆனாலும் ஒரு பனை உயரம் ஆனாலும் அதன் உயரத்தில் 124இல் ஒரு பங்கு எதுவோ அது. முகத்துக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு என்று எல்லாம் மனப்பாடமாக வரும். ஓலையைக் கல்மேல் வைத்துச் செங்காவியால் புள்ளி வைத்து, நூல் பிடித்துக் கோடு போடுவார். செதுக்கச் செதுக்கக் கோடு அழியும், மறுபடியும் ஓலை, மறுபடியும் காவி. ஓலை காய்ந்தால் சுருங்கும் என்பதால் தண்ணீர்ச் சட்டியில் போட்டு வைத்திருப்பார்.

இந்தத் தண்ணீர்ச் சட்டியை நான் ஒரு நாள் வாத்தியாரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தாளு கிட்ட என்ன கூட்டினு போ" என்றார். இருவரும் சந்தித்தார்கள். பெரியப்பா பட்டறைத் திண்ணையில், நடுவில் ஒரு பித்தளைத் தூக்கில் டீ. ஒருவர் ஓலை சுருங்குவதைப் பற்றியும் இன்னொருவர் எஃகு நீளுவதைப் பற்றியும் இருட்டுகிறவரை பேசினார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் "ஐயா" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

எஃகு நீளுவதுதான் வாத்தியாரின் பெரிய பாடம். ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட 11.5 மைக்ரான் வளரும். அதனால் உலகம் முழுக்க நீளத்தை 20 டிகிரி செல்சியஸில்தான் சொல்லவேண்டும் என்று 1931இல் முடிவு செய்தார்கள். 20 டிகிரி! செங்கல்பட்டில் மார்கழி விடிகாலையில் ஒரு மணி நேரம் கிடைத்தால் உண்டு. அக்னி நட்சத்திரத்தில் நம் தகரக் கூரைக்குக் கீழே என்ன நிலவரம் என்பது உனக்குத் தெரியும். லேத்திலிருந்து இறக்கின ஷாஃப்ட்டை அப்படியே அளக்கப் போனவனை அவர் கையைப் பிடித்து நிறுத்திக் கணக்குப் போடச் சொல்வார். 50 மில்லிமீட்டர் ஷாஃப்ட், சூடு 50 டிகிரி. முப்பது டிகிரி அதிகம். 17 மைக்ரான் பெரிதாகக் காட்டும். டிராயிங்கில் விட்டிருப்பதே 25 மைக்ரான். சரியென்று நினைத்து நீ இறக்கி வைத்தது ராத்திரியில் ஆறி, காலையில் அண்டர்சைஸ் ஆகிக் கிடக்கும்.

அதோடு விடமாட்டார். "சரி, மைக்ரோமீட்டரும் இரும்பு, ஜாப்பும் இரும்பு, ரெண்டும் ஒரே ரூம்ல ராத்திரி பூரா குந்தினு இருந்துச்சுன்னா?" என்று கேட்பார். பையன்கள் முழிப்பார்கள். இரண்டும் ஒரே சூட்டில் ஒரே அளவு வளர்ந்திருக்கும், ஒன்றுக்கொன்று சரிக்கட்டிவிடும். அதனால் ஏசி இல்லாத ஷெட்டிலும் எஃகை ஒழுங்காக அளக்கலாம், பொறுமைதான் வேண்டும். அலுமினியம் வந்தால் ஏமாற்றிவிடும், அது எஃகைப்போல் இரண்டு மடங்கு வளரும். 38 டிகிரி அறையில் 100 மில்லிமீட்டர் அலுமினியத்தை எஃகுக் கருவியால் அளந்தால் 20 மைக்ரான் கூடுதலாக வரும். இதைச் சொல்லிவிட்டு ஜாப்பையும் கருவியையும் பக்கத்துப் பக்கத்தில் கிரானைட் பலகைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கக் கூட்டிப்போவார். அந்த டீயும் பாடத்தில் சேர்ந்தது. டீக்கடை பெஞ்சில் அவர் சொன்ன கதைகளில் பாதி, சூட்டோடு அளந்து ஊருக்கு அனுப்பி, போன லாரியிலேயே திரும்பி வந்த ஜாப்புகளைப் பற்றியது.

அந்தக் கிரானைட் பலகையைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. முன்பெல்லாம் சமதளப் பலகை வார்ப்பிரும்பில்தான் இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்காவில் டேட்டன் என்கிற ஊரில் கல்லறை நினைவுக்கல் பட்டறையும் இரும்புப் பட்டறையும் சேர்த்து வைத்திருந்த வாலஸ் ஹெர்மன் என்பவர் கிரானைட்டைத் தேய்த்து அதற்குப் பதிலாக வைத்தார். துருப்பிடிக்காது, எதையாவது போட்டு இடித்தால் மேடு எழும்பாமல் சில்லுதான் பெயரும், சூட்டுக்கும் எஃகைவிடக் குறைவாகத்தான் அசையும். கல் செதுக்குகிறவன் பட்டறையிலிருந்துதான் அது இன்ஸ்பெக்‌ஷன் அறைக்குள் வந்தது என்று சொன்னபோது பெரியப்பாவுக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்கவேண்டும். நம் வட்டாரத்துக் கல்லுக்கும் ஊர் தாண்டிய பேர் உண்டு. பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கருங்கல்லுக்குத்தான், கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதியில் பதித்த கல் என்பதை வைத்து, தாமஸ் ஹாலண்ட் சார்னோகைட் என்று பெயரிட்டார். வாத்தியார் ஒரு முறை அந்தக் கறுப்புப் பலகையைத் தடவிக்கொண்டு, "இதுவும் ஆண் கல்லா ஐயா?" என்று பெரியப்பாவைக் கேட்டார். தட்டிப் பார்க்க விட்டால் சொல்கிறேன் என்றார் அவர். வாத்தியார் விடவில்லை.

பெரியப்பாவுக்குச் சிற்பக் கல்லூரிக்காரர்களிடம் பழக்கம் உண்டு. 1957இல் அரசாங்கம் மாமல்லபுரத்தில் அதைத் தொடங்கியபோது வைத்தியநாத ஸ்தபதி பொறுப்பில் இருந்தார், அவருக்குப் பின் அவர் மகன் கணபதி ஸ்தபதி நெடுங்காலம் நடத்தினார். கன்னியாகுமரி வள்ளுவர் சிலை அவர் அமைத்தது. பீடம் 38 அடி, சிலை 95 அடி, ஆக 133. 2000 ஜனவரி 1இல் திறந்தார்கள். வெவ்வேறு இடங்களில் செதுக்கிய கற்களைக் கடல் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினார்கள் என்று பேப்பரில் படித்துவிட்டு வாத்தியார் ஷெட்டில் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார். ஓரிடத்தில் அளந்தவனை இன்னோரிடத்தில் அடுக்குகிறவன் நம்பவேண்டும். தொழிற்சாலை என்பதே அதுதான் என்றார்.

ஸ்தபதிகள் மனப்பாடம் செய்யும் அளவு வாய்பாட்டைப் பெரியப்பா சொல்வார். எட்டுப் பரமாணு ஒரு தேர்த்துகள், எட்டுத் தேர்த்துகள் ஒரு மயிர்நுனி, எட்டு மயிர்நுனி ஒரு ஈர், எட்டு ஈர் ஒரு பேன், எட்டுப் பேன் ஒரு யவம், எட்டு யவம் ஒரு அங்குலம். பேனும் ஈரும் வந்ததும் பையன்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். கணக்குப் போட்டால் ஓர் அங்குலத்துக்குள் 4096 மயிர்நுனி. விரற்கிடையை 2 சென்டிமீட்டர் என்று வைத்தால் மயிர்நுனி ஒன்று 5 மைக்ரானுக்குக் கொஞ்சம் கீழே வரும். அந்த அளவுக்கு யாரும் உளி பிடித்ததில்லை, பெரியப்பாவும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் கையால் எட்டமுடியாத இடம் வரைக்கும் பிரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

வாத்தியாரின் பாடங்களிலேயே கடினமானது சீட்டுப் பாடம். ஒரே ஒரு பின். பையன்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் அளந்து, சீட்டில் எழுதி, மடித்து, டப்பாவில் போடவேண்டும். ஒருவர் அளவை மற்றவர் பார்க்கக்கூடாது. மறுநாள் அதே பின், அதே ஆட்கள், வரிசை மட்டும் மாறும். வாத்தியார் சீட்டுகளைப் பிரித்துக் கரும்பலகையில் எழுதுவார். ஒருத்தன் தனக்குத்தானே எவ்வளவு மாறுகிறான், ஒருத்தனுக்கும் இன்னொருத்தனுக்கும் எவ்வளவு மாறுகிறது என்று இரண்டு பத்தி. இப்போது அதைக் கம்ப்யூட்டரில் போட்டு ஆர் அண்ட் ஆர் என்கிறார்கள். கரும்பலகையில் உன் பெயருக்கு நேரே உன் கை தெரியும், அது வேறு விதமாகச் சுடும். ஒரு தடவை ஒரு பையன் எழுதியது டிராயிங்கில் இருந்த அளவே, கடைசிப் புள்ளி வரை. வாத்தியார் அந்தச் சீட்டை எல்லாருக்கும் காட்டவில்லை. அவனைத் தனியே கூட்டிப்போய் என்ன சொன்னாரோ தெரியாது. பிற்பாடு அவன் எந்த அளவையும் இரண்டு தரம் பார்க்காமல் எழுதியதில்லை. எழுதும்போது உதடு அசையும். "டிராயிங் கேக்கறது வேற, ஜாப் சொல்றது வேற. ஜாப் சொன்னத எழுது" என்பது அவர் வாயில் நாளைக்கு ஒரு முறையாவது வரும்.

நம்மோடு இருந்தவர்களில் சிலர் கல்பாக்கம் பக்கம் வேலைக்குப் போனார்கள். 1971இல் அணு உலை ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி 1985இல் இந்திரா காந்தி பெயர் வைத்த இடம். அதே 1985 அக்டோபரில் அங்கே வேக ஈனுலை முதன்முதலில் இயங்கியது. பிறகு பெரிய ஈனுலைக்கு எஃகுப் பாத்திரம் ஒன்று செய்தார்கள். குறுக்களவு 13 மீட்டருக்குப் பக்கம், சுவர் தடிமன் 25 மில்லிமீட்டர்தான். சாலையில் கொண்டுவர முடியாத அகலம் என்பதால் அங்கேயே கொட்டகை போட்டுத் தகடுகளை வளைத்துப் பற்றவைத்தார்கள். 2009 டிசம்பரில் குழிக்குள் இறக்கினார்கள். உள்ளே ஓடும் திரவ சோடியம் உலையின் உச்சியில் 547 டிகிரி. 20 டிகிரி கணக்கில் அளந்து செய்ததெல்லாம் அந்தச் சூட்டில் போய் வேலை பார்க்கவேண்டும். எவ்வளவு வளரும், எந்தப் பக்கம் வளரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு இடம் விட்டிருக்கவேண்டும். இதை வாத்தியாரிடம் சொன்னவன் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை மதில்மேல் உட்கார்ந்து, மணலில் குச்சியால் வரைந்து சொன்னான். அவர் சின்னப் பையனாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்லிப் கேஜ் பெட்டிக்கு வருகிறேன். தேக்குப் பெட்டி, உள்ளே நீல வெல்வெட், 87 துண்டுகள். ஸ்வீடன்காரர் கார்ல் எட்வர்ட் ஜோஹான்சன் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது 1896இல் யோசித்தது. சில துண்டுகளைச் சேர்த்து எந்த அளவையும் கட்டிவிடலாம். அவர் 1923இல் அமெரிக்கா போய் ஃபோர்டு கம்பெனியில் சேர்ந்தார். மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை வந்தபோது வாத்தியாருக்கு அதில் ஒரு தனிப் பெருமை, ஜோஹான்சன் தெருவுக்குக் குடிவந்துவிட்டதாகவே பேசுவார். நம் ஷெட்டில் படித்த பையன்கள் சிலர் அங்கே சப்ளை செய்கிற கம்பெனிகளில் இன்ஸ்பெக்டர் ஆனார்கள். 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது, அடுத்த வருஷம் கடைசிக் காரும் வெளியே போனது. அந்தச் செய்தியைக் கேட்க வாத்தியார் இல்லை.

38.745 கட்டு என்பார். கடைசிப் புள்ளியிலிருந்து தொடங்கவேண்டும். 1.005, பிறகு 1.24, பிறகு 6.5, பிறகு 30. நாலு துண்டு. ஒன்றின்மேல் ஒன்றைக் குறுக்கே வைத்து, மெல்ல அழுத்தி, திருப்பி நேராக்கினால் ஒட்டிக்கொள்ளும். பசையும் இல்லை, காந்தமும் இல்லை. அவ்வளவு வழவழப்பான இரண்டு முகங்கள் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தோடு சேர்ந்தால் பிரிய மாட்டேன் என்கின்றன. ஒட்டும்போது விரலில் ஒரு பிடிப்பு வரும், அது வராவிட்டால் தூசி இருக்கிறது என்று பொருள். வேலை முடிந்ததும் பிரித்துவிடவேண்டும், ராத்திரி விட்டுவிட்டால் பிறகு பிடிவாதம் பிடிக்கும். துடைத்து, வாசலின் தடவி, அதனதன் குழியில் வைத்து மூடவேண்டும். 1.005 தொலைந்துபோன பிறகு 1.002, 1.003, 1.24, 5.5, 30 என்று ஐந்தாகக் கட்டினோமே. துண்டு கூடினால் பிழையும் கூடும் என்று அவர் முகம் சுளித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது மாமல்லபுரம் போனால் ஓசை வேறு. கட்டிங் மெஷின் சக்கரம் கல்லில் இறங்கும் ஒரே நீளக் கூச்சல், வெள்ளைத் தூசி மேகமாக எழுகிறது, பையன்கள் முகத்தில் கைக்குட்டை கட்டியிருக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடிகிறது, பெரியப்பா கொண்டுபோன முதுகுவலி இவர்களுக்கு இருக்காது. ஆனால் தூசி நெஞ்சில் தங்கும், நல்ல முகமூடி யாராவது வாங்கித் தரவேண்டும். 2017இல் மாமல்லபுரக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரியப்பா இருந்திருந்தால் அந்தப் பேப்பரைக் கத்தரித்து வைத்திருப்பார். கொட்டகைகளில் டேப் தொங்குகிறது. ஓலை போட்ட தண்ணீர்ச் சட்டியை நான் கண்ட வரையில் எங்கேயும் பார்க்கவில்லை. மறைமலைநகர்ப் பக்கம் ஏசி அறைகளில் சி.எம்.எம். என்கிற அளவெடுக்கும் மெஷின் நிற்கிறது. மாணிக்கக்கல் முனை மெல்ல இறங்கித் தொட்டுத் தொட்டு நூறு புள்ளி எடுக்கிறது. அற்புதமான கருவி, மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். புதுப் பையனுக்கு அதன் பட்டனைக் காட்டப் பாதி நாள் ஒதுக்குகிறார்கள். அந்தப் பாதி நாளில் கை கழுவச் சொல்ல நேரம் இருப்பதில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு பெண் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அப்ரென்டிஸாகச் சேர்ந்திருக்கிறாள். மின்சார ரயிலில் பழக்கம், என்னைத் தாத்தா என்கிறாள். வாஷிங் மெஷினிலிருந்து சூடாக வரும் ஜாப்பை நேரே அளவுக்கு அனுப்புகிறார்கள், காலையில் ஒரு அளவு வருகிறது, மத்தியானம் ஒரு அளவு வருகிறது, ஏன் தாத்தா என்று கேட்டாள். பரனூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வருவதற்குள் எஃகு வளரும் அந்த 11.5 மைக்ரான் கணக்கைச் சொல்லி முடித்தேன். மறுநாள் அவள் தானாகவே ஒரு ஜாப்பை மேஜையில் ஒதுக்கி வைத்து, முக்கால் மணி நேரம் கழித்து அளந்து, இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மேலாளரிடம் காட்டியிருக்கிறாள். இப்போது அங்கே ஒரு தட்டு வைத்திருக்கிறார்களாம், ஆறவைக்க.

ஸ்லிப் கேஜ் ஒட்டுவதைத் தன் கையால் செய்து பார்க்கவேண்டும் என்கிறாள். வாய்வார்த்தையில் அந்தப் பிடிப்பைச் சொல்லிவிட முடியாது. ஷெட்டை மூடியபோது பெட்டியை நீதான் எடுத்துக்கொண்டு போனாய் என்று எனக்கு நிச்சயம். 1.005 இல்லாவிட்டால் பரவாயில்லை, ஐந்தாகக் கட்டிக் காட்டுகிறேன். மழை தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா. வாசலின் தடவித்தானே வைத்திருக்கிறாய்?